பன்னண்டு நிமிஷம் கூட

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார், எனக்குக் காத்து ஆகாது. உங்க பையை மேல வெச்சுடலாம். இல்லீங்க, இந்தக் கட்டு என் மடியிலேயே இருக்கட்டும். முக்கியமான காகிதமுங்க. ஈரோட்டுல லேபர் ஆபீஸ்ல பதினோரு மணிக்கு விசாரணை. நான் போய்ச் சாட்சி சொல்லணும்.

சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நான் யாரையும் அடிக்கல. ஒரு நர்ஸு. வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. நிறுத்தினது அநியாயம், திரும்ப எடுத்துக்கணும்னு மனு குடுத்திருக்கா. அநியாயம் இல்லைன்னு சொல்றதுக்கு நான் போறேன். அவ்வளவுதான் சங்கதி.

பேரு திருமலைசாமிங்க. கோபியில ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. பத்தொம்பது வருஷம். நான் சேந்தப்ப ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுல பில்லு அடிச்சுட்டு இருந்தேன். இப்ப இருபத்தாறு. அதுக்கெல்லாம் மேல ஒரு சர்வர். ஆஸ்பத்திரியில வேலை பாக்கற எழுபது பேர்ல அந்த சர்வரைப் பத்தித் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன். மத்தவங்களுக்கு மவுஸைப் பிடிக்கத் தெரியும். அதையும் டீ குடிச்ச கையோட பிடிப்பாங்க.

நீங்க பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர்னு சொன்னீங்க, உங்களுக்குச் சொன்னாப் புரியும். நேரம். நம்ம சனத்துக்கு நேரம்னா என்னன்னே தெரியாது சார். காலையில ஏழரைக்கு டூட்டி மாறணும். ராத்திரி பூரா முழிச்சிருந்தவ கண்ணு சொருகி உக்காந்திருப்பா. அடுத்தவ எப்ப வருவா? ஏழே முக்காலுக்கு. தலையில பூவை வெச்சுக்கிட்டு, கையில டிபன் டப்பாவை ஆட்டிக்கிட்டு. கேட்டா பஸ் வரல. புள்ளைக்கு வயித்தால போச்சு. தண்ணி வர்ற நாளு. ஒருத்திக்குக் கூட நான் சோம்பேறின்னு சொல்ல வாய் வராது.

பெரிய டாக்டரம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்தாங்க. அவங்க வீட்டுல கடிகாரம் பத்து நிமிஷம் கூட ஓடும். யார் வீட்டுலதான் ஓடல? உங்க வீட்டுல? பாருங்க, அஞ்சு நிமிஷம்ங்கறீங்க. எல்லா வீட்டுலயும் உண்டு. ஆஸ்பத்திரியிலயும் அப்படி வெச்சா என்னன்னு கேட்டாங்க. நான்தான் சொன்னேன், பத்து வேண்டாங்கம்மா, பன்னண்டு வைப்போம்னு. ஏன்னு கேளுங்க. பத்துன்னு வெச்சா எல்லாரும் மனசுக்குள்ள பத்தைக் கழிச்சுக்குவாங்க. அது சுலபம். பன்னண்டைக் கழிக்கறதுக்கு நின்னு யோசிக்கணும். நம்மாளுக நின்னு யோசிக்க மாட்டாங்க, பயந்து ஓடுவாங்க. டாக்டரம்மா சிரிச்சுட்டு, நீங்க கெட்டிக்காரர் திருமலைசாமின்னாங்க. பத்தொம்பது வருஷத்துல அவங்க என்னைப் பாராட்டினது அந்த ஒரு தடவைதான்.

அது ஆடி மாசம். சுவர்க் கடிகாரத்தையெல்லாம் தள்ளி வெச்சோம். ஒரு வாரம் ஜோரா நடந்துச்சு. அப்புறம் கண்டுபிடிச்சுட்டாளுக. சுவத்துல ஏழு நாப்பது காட்டுது, வந்து விரல் வெக்கற மிஷின்ல விரலை வெச்சா ஏழு இருபத்தெட்டுன்னு பதிவாகுது. மிஷினே நாங்க சீக்கிரம் வந்தோம்ங்குது சார்னு என்கிட்டயே வந்து பல்லைக் காட்டறாளுக.

நான் விடுவனா? அதுவரைக்கும் எங்க சர்வர் இன்டர்நெட்ல எங்கயோ இருக்கற ஒரு கம்ப்யூட்டரை மணி கேட்டுத் தெரிஞ்சுக்கும். அந்தக் கேக்கற வேலையை நிறுத்தினேன். கையால பன்னண்டு நிமிஷத்தைக் கூட்டி வெச்சேன். தீந்துச்சு. இருபத்தாறு கம்ப்யூட்டர், விரல் மிஷின், ஆபரேஷன் தியேட்டர் சுவத்துல சிவப்பு நம்பர்ல எரியற கடிகாரம், எல்லாத்துக்கும் ஒயர் போகுது. எல்லாம் சர்வரைத்தான் மணி கேக்கும். சர்வர் என்னைக் கேக்கும். டூட்டிக்கு எல்லாரும் ஏழரைக்குள்ள வர ஆரம்பிச்சாங்க. புகழ்ந்துக்கறேன்னு நினைக்காதீங்க, நடந்ததைச் சொல்றேன்.

அப்புறம் இந்த இன்சூரன்ஸ் கவுண்டர்ல ஒரு தொல்லை. அவங்க சைட்டுக்குள்ள போறதுக்கு போன்ல ஒரு நம்பர் வரும், அதை அடிக்கணும். அடிச்சா காலாவதி ஆயிடுச்சுன்னு சொல்லுது. வர்றப்பவே காலாவதி. கவுண்டர்ல உக்கார்ற பொண்ணு அழுதுட்டே இருந்தா. மேனேஜர் என்னைக் கேக்காம கோயமுத்தூருக்குப் போன் பண்ணி ஒரு ஆளைக் கூப்பிட்டார். என்னைக் கேக்கல பாருங்க. வந்தவன் பேரு ரஃபீக். நல்லா மடிச்ச சட்டை, தோள்ல பை. வந்ததும் கம்ப்யூட்டரைப் பாத்தான், தன் போனைப் பாத்தான், சார் இதுல டைம் தப்பா இருக்குன்னான். பெரிய கண்டுபிடிப்பு. சரி பண்ணிட்டுக் கையைத் துடைச்சுட்டுப் போனான். ஒரு மணி நேரத்துல பழையபடி ஓடிப் போச்சு.

மறுநாள் வந்தான். உள்ள இருக்கற பேட்டரி போயிருக்கும்னு சொல்லி பொட்டியைக் கழட்டி, வட்டமா பட்டன் மாதிரி இருக்குமே, அதை மாத்தினான். நான் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து பாத்துட்டே இருந்தேன். டீ வாங்கிக் குடுத்தேன். மறுபடியும் ஒரு மணி நேரத்துல பன்னண்டு நிமிஷம் முன்னாடி போயிடுச்சு. மூணாம் நாள் வந்தவன் கம்ப்யூட்டர் பக்கமே போகல. நேரா என்கிட்ட வந்து, சார், கோளாறு இதுங்கள்ல இல்ல, இதுங்க கேக்கற எடத்துல இருக்கு, சர்வரைத் திறங்கன்னான். சாவி டாக்டரம்மாகிட்ட இருக்கு, அவங்க ஊர்ல இல்லைன்னுட்டேன். சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. அவன் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, நீங்க சொன்னாச் சரிங்க சார்னு கிளம்பிட்டான். மூணு நாள் ஆச்சு அவனுக்கு. நானா இருந்தா மூணு நிமிஷம்.

இன்சூரன்ஸ் கம்ப்யூட்டரை மட்டும் சர்வரைக் கேக்காதபடி தனியா பிரிச்சு விட்டேன். பிரச்சனை முடிஞ்சுது. யாராச்சும் நன்றி சொன்னாங்களாங்கறீங்க? அதெல்லாம் நம்ம ஊர்ல கிடையாது.

இப்ப அந்த நர்ஸுக்கு வர்றேன். பூங்கொடின்னு பேரு. முப்பத்திரண்டு, முப்பத்திமூணு இருக்கும். ஆபரேஷன் தியேட்டர்ல குழந்தையைக் கையில வாங்கறது அவதான். வாங்கி, துடைச்சு, எடை போட்டு, பொறந்த நேரத்தைச் சீட்டுல எழுதிக் கால்ல கட்டணும். வேலையில சுத்தம்னு எல்லாரும் சொல்லுவாங்க. இருக்கட்டும். சுத்தமா இருக்கறவங்களுக்கு ஒரு திமிர் வரும் பாருங்க, அது இவளுக்கு நிறையவே உண்டு. எட்டு வருஷத்துல ஒரு நாள் லேட்டா வந்ததில்லை. அதனால கடிகாரத்தைத் தள்ளி வெச்சது அவளுக்கு உறுத்தல்.

மாசா மாசம் மீட்டிங் நடக்கும். கார்த்திகை மாசம் நடந்ததுல எழுந்து நின்னா. "சார், தியேட்டர் கடிகாரம் பன்னண்டு நிமிஷம் கூட ஓடுது. குழந்தை அழுத நேரம், ஊசி போட்ட நேரம் எல்லாம் அதைப் பாத்துத்தான் எழுதறாங்க. வெளிய எப்படி வேணும்னாலும் வெச்சுக்குங்க. தியேட்டரை மட்டும் விட்டுடுங்க"ன்னா.

நான் பொறுமையாத்தான் கேட்டேன். "ஏம்மா, எல்லாக் கம்ப்யூட்டர்லயும் ஒரே நேரம் ஓடுதா இல்லையா?"

"ஓடுதுங்க சார்."

"விரல் மிஷின்ல?"

"அதுலயும் அதே நேரம்தானுங்க."

"அப்ப எதும்மா தப்பு?"

"எல்லாமே ஒரே மாதிரி தப்புங்க சார்"ங்கறா.

மொத்த ரூமும் சிரிச்சுது. கூட்டறவங்க வரைக்கும் சிரிச்சாங்க. எனக்கு அவமானமாப் போச்சு சார். மறைச்சுச் சொல்ல என்ன இருக்கு, அன்னிக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கல. அவ அதோட விடாம கம்ப்ளைன்ட் நோட்டுலயும் மூணு தடவை எழுதினா. மூணு தடவையும் அதுக்குக் கீழ 'சரி பார்க்கப்பட்டது, குறை இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நோட்டு இப்ப இல்லை. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சு.

கவுந்தப்பாடி வந்துடுச்சு. இங்க ரெண்டு நிமிஷம் நிப்பான், பாருங்க, பத்து நிமிஷம் நிறுத்துவான். டிரைவருக்குக் கடலை வாங்கணும். நாம எல்லாம் அவன் கடலை வாங்கற வரைக்கும் காத்திருக்கணும்.

மாசி மாசம், ஒரு சனிக்கிழமை. மஞ்ச மண்டி வெச்சிருக்கற குப்பண்ணன்னு ஒருத்தர். பெரிய கை. அவர் மருமகளுக்கு ஆபரேஷன். இப்பெல்லாம் தெரியுமில்லீங்க, வலி வந்து பொறக்கறது போய் ஜோசியக்காரன் சொல்லிப் பொறக்கற காலம். எனக்கு அதுல துளி நம்பிக்கை கிடையாது. எங்க பொண்ணு பிரசவத்துக்கு மட்டும் பாத்தோம், அது சம்பந்தி வீட்டுக்காகப் பாத்தது, அது வேற. மத்தவங்க குறிச்சுட்டு வர்ற நேரம் அரை மணி, ஒரு மணின்னு தாராளமா இருக்கும். குப்பண்ணன் கொண்டாந்தது பதினஞ்சே நிமிஷம். பத்து முப்பத்தஞ்சுல இருந்து பத்து அம்பதுக்குள்ள. சனிக்கிழமை ஒம்போதுல இருந்து பத்தரை ராகு காலம். அது முடிஞ்சு அஞ்சு நிமிஷம் விட்டு எடுக்கணும். மஞ்சள் தடவின தாள்ல எழுதிக் கையிலயே வெச்சிருந்தார்.

டாக்டரம்மா உள்ள போனாங்க. சிவப்புக் கடிகாரத்தைப் பாத்துட்டே செஞ்சாங்க. பத்து முப்பத்தெட்டு காட்டறப்பக் குழந்தையை எடுத்தாச்சு. ஆம்பளைப் புள்ளை. மூணு கிலோ நூறு. டாக்டரம்மாவுக்கு அந்தப் பன்னண்டைக் கழிக்கணும்னு ஞாபகம் இல்லை. பெரிய படிப்புப் படிச்சவங்க, ஆயிரம் வேலை, மறக்கறது சகஜம். அதைக் குத்தம் சொல்ல முடியாது.

நான் வராந்தாவுலதான் நின்னுட்டிருந்தேன், பிரிண்டர் ஒண்ணு மாட்டிட்டு. பூங்கொடி குழந்தையைத் துணியில சுத்தி வெளிய கொண்டாந்தா. குப்பண்ணன் முகம் அப்படி மலந்து போச்சு. குழந்தையை வாங்கறதுக்கு முன்னாடி கால்ல இருக்கற சீட்டைத்தான் பிடிச்சுப் பாத்தார். கண்ணாடியைப் போட்டு மறுபடியும் பாத்தார். பத்து இருபத்தாறுன்னு எழுதியிருக்கு.

ராகு காலம் சார். முடியறதுக்கு நாலு நிமிஷம் பாக்கி.

அவர் சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தாத் தேவலை. குழந்தையைத் தொடாம கையைப் பின்னால கட்டிக்கிட்டு, டாக்டரைக் கூப்பிடுங்கன்னார். அவர் சம்சாரம் அங்கயே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாங்க. குழந்தை பூங்கொடி கையில அழுதுட்டே இருக்கு, வாங்க ஆளில்லை. எனக்கே என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

டாக்டரம்மா ரூமுக்குள்ள என்னையும் கூப்பிட்டாங்க. கதவைச் சாத்தினாங்க. உள்ள அவங்க, மேனேஜர், பூங்கொடி, நான். அப்பத்தான் தெரியுது, இவ இந்த எட்டு மாசமா சுவத்துக் கடிகாரத்தைப் பாக்கவே இல்லை. நர்ஸுங்க சட்டையில தலைகீழாக் குத்திக்குவாங்களே சின்னக் கடிகாரம், அதைப் பாத்துத்தான் எழுதிட்டு வந்திருக்கா. மத்தவளுக எழுதின நேரத்துக்கும் இவ எழுதின நேரத்துக்கும் பன்னண்டு நிமிஷம் வித்தியாசம். யாரு ஒத்துப் பாக்கறா? மத்த குடும்பமெல்லாம் வாங்கிட்டுப் போய் ஜாதகம் எழுதிட்டாங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க.

டாக்டரம்மா நிதானமாத்தான் சொன்னாங்க. "பூங்கொடி, இன்னொரு சீட்டு எழுது. பத்து முப்பத்தெட்டுன்னு."

"எடுத்தது பத்து இருபத்தாறுங்க மேடம்."

"தியேட்டர் கடிகாரத்துல முப்பத்தெட்டு இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சுங்க மேடம். அது தப்பா ஓடுதுன்னு சார்கிட்டச் சொல்லியிருக்கேன், எழுதியும் குடுத்திருக்கேன்."

என்னைக் கையைக் காட்டறா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். நான் சொன்னேன், "ஒரு சீட்டு எழுதறதுக்கு எதுக்கும்மா இத்தனை ராவடி? நீ முப்பத்தெட்டுன்னு எழுதினா யாருக்கு என்ன நஷ்டம்? தாத்தனுக்குச் சந்தோஷம், ஆத்தாளுக்குச் சந்தோஷம், ஜோசியக்காரனுக்கும் சந்தோஷம்."

அவ என்னைப் பாக்காம டாக்டரம்மாவைப் பாத்துச் சொல்றா, "அந்தக் குழந்தை பொறந்ததுக்கு இந்த ஒரு சீட்டுதானுங்க மேடம் சாட்சி. நான் மாத்தி எழுத மாட்டேன். அவங்ககிட்டக் கடிகாரம் தப்பா ஓடிடுச்சுன்னு சொல்லிடலாம், நானே வேணும்னாலும் போய்ச் சொல்றேன்."

சொல்றாளாம். போய்ச் சொல்றதுக்கு இவ யாரு? வேற நர்ஸைக் கூப்பிட்டுப் புதுச் சீட்டு எழுதிக் கட்டியாச்சு. குப்பண்ணனைக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சு, பாருங்க, தியேட்டர் பதிவு பத்து முப்பத்தெட்டு, அந்த நர்ஸோட கடிகாரம் லேட்டா ஓடியிருக்கு, அசட்டுத்தனமா எழுதிட்டான்னு மேனேஜர் சொன்னார். கம்ப்யூட்டர் காட்டினதும் மனுசன் நம்பிட்டார். எல்லாரும் நம்புவாங்க. அப்புறம்தான் குழந்தையைத் தொட்டார். தொட்டுட்டு, இப்படிப்பட்ட பொண்ணையெல்லாம் தியேட்டர்ல வெச்சிருக்காதீங்கம்மான்னார். அன்னிக்குச் சாயந்தரமே அவளை நிறுத்தியாச்சு. குடுத்த கடுதாசியில 'பிறப்பு நேரத்தைத் தவறாகப் பதிவு செய்தவர்'னு எழுதியிருக்கு. அந்தக் கடுதாசியோட எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசல்லயே திருப்பி அனுப்பிடறாங்களாம். இப்ப சத்தியமங்கலத்துல ஒரு துணிக்கடையில சேலை மடிச்சுப் போட்டுட்டு இருக்கறதாக் கேள்வி.

அதெல்லாம் சாயந்தரம் நடந்தது. அதுக்கு முன்னாடி, குப்பண்ணன் கீழ போன உடனே, டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, திருமலைசாமி, எல்லாத்தையும் சரியான நேரத்துக்குக் கொண்டாந்துடுங்க, இப்பவேன்னாங்க. குப்பண்ணனோட அக்கா மகன் ஒருத்தன் கம்ப்யூட்டர் படிச்சவன், சந்தேகம் வந்து சரி பாக்க வந்தான்னா வம்பு. நான் போய் உக்காந்தேன். ரெண்டே நிமிஷம் சார். சர்வர் சரியாச்சு, இருபத்தாறும் சரியாச்சு, சிவப்புக் கடிகாரமும் சரியாச்சு. சுவர்க் கடிகாரத்தையெல்லாம் ஸ்டூல் போட்டு ஏறி நானே திருப்பினேன். திங்கக்கிழமை சொல்லி வெச்ச மாதிரி அந்த அக்கா மகன் வந்தான், போனை வெச்சு ஒத்துப் பாத்தான். ஒரு செகண்டு வித்தியாசம் இல்லை. ரஃபீக்குக்கு மூணு நாள், எனக்கு ரெண்டு நிமிஷம்.

பொய் இல்லீங்க சார். நீங்க அப்படிப் பாக்காதீங்க. கடிகாரம் தப்பா ஓடுச்சுன்னா என்ன அர்த்தம்? அது பாட்டுக்கு ஓடியிருக்கணும். இது நாங்க வெச்ச இடத்துல இருந்து ஒரு நொடி பிசகாம ஓடுச்சு. அதனால கடிகாரம் சரியா இருந்துச்சுன்னு நான் சொல்றது சத்தியம். எந்தக் கோர்ட்டுலயும் சொல்லுவேன்.

பூங்கொடி எங்க வீட்டுக்கு வந்தா சார், ரெண்டு மாசம் முன்னாடி. ஞாயித்துக்கிழமை. கேட்டுக்கு வெளிய நின்னுட்டே பேசினா. எங்க வீட்டுக்காரி உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுக் காப்பி குடுத்தா, அவளுக்கு எதுலயும் ஒரு அவசரம். பூங்கொடி காப்பியைக் கையில வெச்சுட்டுக் கேக்கறா. "அண்ணா, எனக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம். அன்னிக்கு எத்தனை நிமிஷம் கூட ஓடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நான் தப்பா எழுதினவ இல்லைன்னு ஒரு வரி. அது போதுமுங்க, அவங்க வேலை தராட்டியும் போவுது, நான் வேற எடத்துல சேந்துக்குவேன்."

ஒரு வரியாம். மீட்டிங்ல அத்தனை பேர் முன்னாடி சிரிக்க வெச்சப்ப இந்த அண்ணா எங்க போனான்? கடிகாரம் சரியாத்தாம்மா ஓடுச்சுன்னேன். அவ காப்பியைக் குடிக்காம வெச்சுட்டுப் போயிட்டா. எங்க வீட்டுக்காரி ரெண்டு நாள் என்கிட்டப் பேசல. பொம்பளைங்களுக்கு விவரம் தெரியாது, அழுதாப் போதும், அவங்க பக்கம்தான் நியாயம். இத்தனைக்கும் அவ அழக்கூட இல்லை.

வக்கீல் வைக்க வசதி இல்லாம அவளே வந்து நின்னு பேசறா சார். எங்க பக்கம் வக்கீல், மேனேஜர், நான். அவகிட்டச் சாட்சியும் கிடையாது, காகிதமும் கிடையாது. அவ சொல்றது மட்டும்தான். இன்னிக்கு நான் சொல்லிட்டேன்னா கதை முடிஞ்சுது. அதிகாரி எழுதி மூடிடுவார்.

இந்தக் கட்டுதான் அது. பாருங்க, பாருங்க, பரவாயில்லை. நீங்க பேங்க்காரர், காகிதம் பாத்துப் பழகின கண்ணு. நாப்பத்திரண்டு பக்கம். எங்க வக்கீல் கேட்டார், அன்னிக்குத் தேதிக்கு சர்வர் ஒழுங்கா ஓடுச்சுங்கறதுக்கு ஏதாச்சும் இருக்கான்னு. சர்வர் தான் செய்யற ஒவ்வொண்ணையும் தானே குறிச்சு வெச்சுக்குமாம், எனக்கு அது எங்க இருக்குன்னு சட்டுனு ஞாபகம் வரல, அந்த ரஃபீக்குக்குத்தான் போன் பண்ணினேன். எதுக்குங்க சார்னு கேட்டான். இந்த மாதிரி நர்ஸு கேஸுன்னேன். எந்த நாளுதுங்க சார் வேணும்னு கேட்டுக்கிட்டான். அப்புறம் பொறுமையா எங்க போகணும், எதை அமுக்கணும்னு எல்லாம் சொல்லிக் குடுத்தான். அந்த நாள் முழுசா எடுங்க சார், ஒரு பக்கமும் விட்டுடாதீங்கன்னான். பரவாயில்லை, அவனுக்கும் கொஞ்சம் புத்தி வந்துடுச்சு.

படிக்கறதா? யாருங்க படிப்பா இதை? பூரா இங்கிலீஷ், பொடி எழுத்து. கட்டு கனமா இருந்தா எதிராளிங்க மிரண்டுடுவாங்க, அதுக்குத்தான். ஒவ்வொரு பக்கத்துலயும் நம்பர் போட்டு, கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரி சீல் வெச்சிருக்கேன். நாப்பத்திரண்டு கையெழுத்து. கை வலி எடுத்துடுச்சு.

சித்தோடு தாண்டிட்டான். இன்னும் கால் மணி நேரம்.

என்னங்க சார், அதே பக்கத்துல நிக்கறீங்க? பதினேழா? கண்ணாடி வேணுமா? சரி, படிங்க, நானும் கேக்கறேன்.

சர்வரோட நேரம் மாற்றப்பட்டது. ம். பழைய நேரம், பதினொண்ணு அம்பத்தெட்டு. புது நேரம், பதினொண்ணு நாப்பத்தாறு. ம். மாத்தினவர்...

என் பேரா?

இப்படிக் குடுங்க. விரலை எடுங்க, நான் பாக்கறேன். கீழ இருக்கறது என் கையெழுத்துதானுங்க. ஆமா, சீலும் எங்களுதுதான். அன்னிக்குத் தேதிதான். பன்னண்டு நிமிஷம்னு எண்ணிப் பாக்கவே வேண்டியதில்லை, அப்படியே நிக்குது.

இல்லீங்க, பதட்டம் ஒண்ணும் இல்லை. வேர்க்குது, அவ்வளவுதான். இந்த ஒரு தாளை உருவிட்டா? நம்பர் போட்டிருக்கனே, பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு வந்தா அதிகாரி கேப்பார். மறந்துட்டேன்னு சொல்லலாம். வீட்டுல இருக்குன்னு சொல்லலாம். அதிகாரிக்கு இன்னும் குடுக்கல சார், இன்னிக்குத்தான் குடுக்கறேன். வக்கீல்கிட்ட ஒரு கட்டு இருக்கு, அவர் பிரிச்சே பாத்திருக்க மாட்டார், வாங்கி எடுத்துடலாம்.

இன்னொண்ணு அவகிட்ட இருக்கு.

எதிர்த் தரப்புக்கு ஒரு காப்பி முன்கூட்டியே போகணும்னு மேனேஜர் சொன்னாருங்க. நானேதான் தபாலாபீஸ்ல வரிசையில நின்னு பதிவுத் தபால்ல போட்டேன். நல்லா மிரளட்டும்னு நாப்பத்திரண்டையும் போட்டேன். போய்ச் சேந்துடுச்சு. ஒப்புகை அட்டைகூடத் திரும்பி வந்துடுச்சு, கட்டுக்குக் கடைசியில குத்தியிருக்கேன் பாருங்க. அவ கையெழுத்துதான். பக்கத்துல தேதி போட்டிருக்கா. தேதிக்குப் பக்கத்துல அது என்ன எழுத்து? மணியா? பத்து நாப்பத்தொண்ணு.

தபால்காரர் கையெழுத்துதானே கேட்டிருப்பார். மணியை யாருங்க கேட்டாங்க இவளை?